கைக்காசுக்கு ஏற்ற மெத்தை

விதைநெல்லைக் காப்பது பற்றியும், கிணற்றைத் துப்புரவாக்குவது பற்றியும், ஆட்டுக்குக் கொட்டில் போடுவது பற்றியும் நாம் பல தடவை பேசியிருக்கின்றோம். படுக்கையைப் பற்றிப் பேசியதில்லை. மெத்தை என்பது வசதி படைத்தவர்களின் பொருள் என்ற எண்ணம் எம்மிடமும் இருந்ததே காரணம். மீள்குடியேறிய குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று கதைத்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. காலையில் எழும்பும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்புபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவர் இருந்தார். பகல் முழுவதும் குனிந்து மிளகாய்க்குப் புல்லுப் பிடுங்கியவர், இரவு முழுவதும் சீமெந்துத் தரையில் ஒரு பாயோடு கிடக்கிறார்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 1995 இல் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்களும், 2009 இல் மெனிக்பாம் கூடாரங்களில் கிடந்தவர்களும் பாயையும் தலையணையையும் கொண்டுபோயிருப்பார்கள். மெத்தையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மெனிக்பாம் 2012 இல் மூடப்பட்டது. ஆனால் "இன்னும் எங்கே போக வேண்டி வருமோ, இதுக்குள்ளே மெத்தை எதற்கு" என்ற பேச்சு மட்டும் நின்றபாடில்லை. அந்தப் பேச்சை நாம் குறை சொல்லமாட்டோம். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாயில் படுத்து, நன்றாக நித்திரை கொண்டு, நோவில்லாமல் எழும்புகிறவருக்கு மெத்தை தேவையில்லை. பன்பாயும் பனையோலைப் பாயும் எங்கள் வெக்கைக்கு உகந்த படுக்கைகள். கையில் காசு குறைவாக இருக்கும்போது வீட்டிலுள்ள ஆறு பேருக்கும் மெத்தை வாங்க நினைத்தால் ஆறு பேருக்கும் மோசமான மெத்தைதான் கிடைக்கும். ஒன்றே ஒன்றை நல்லதாக வாங்குங்கள். அது யாருக்கு என்பதை வாங்க முன்னரே தீர்மானியுங்கள். எலும்பு தேய்ந்து மெலிந்துபோன முதியவர், பிள்ளைத்தாய்ச்சி, இடுப்பு நோவுள்ளவர் ஆகியோருக்கே முதலிடம். சில வீடுகளில் மெத்தை விருந்தாளிக்காகச் சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருக்க, ஆச்சி கீழே கிடக்கிறார். விருந்தாளி வருடத்துக்கு இரண்டு நாள். ஆச்சி முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

எவ்வளவு இறுக்கம் வேண்டும்?

முதுகு நோ உள்ளவர் பலகையில் படுக்க வேண்டும் என்று எமது பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2003 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்ற மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று வெளியானது. நாட்பட்ட இடுப்பு நோ உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்கு மிகவும் இறுக்கமான மெத்தையையும், மற்றவர்களுக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையையும் கொடுத்து, 90 நாட்கள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே நோ கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆகவே பலகையும் வேண்டாம், உடம்பு புதைந்துபோகும் மெதுமையும் வேண்டாம்.

நடுத்தரம் என்பதை எப்படி அறிவது? கடையில் மெத்தையின் மேல் மல்லாந்து படுங்கள். வெட்கப்பட வேண்டாம், காசு கொடுக்கப் போகிறவர் நீங்கள். இடுப்பின் வளைவுக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு மிகவும் இறுக்கம். கையை நுழைக்கவே முடியாவிட்டால் உடம்பு புதைகிறது. சற்றே நெருக்கிக்கொண்டு கை போனால் சரி. பிறகு சரிந்து படுத்து, தோளும் இடுப்பெலும்பும் கீழே பலகையில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். ஐந்து பத்து நிமிடமாவது படுக்க வேண்டும். கையால் இரண்டு தரம் அமத்திப் பார்த்து வாங்குவது, மாட்டின் கொம்பைப் பார்த்து மாடு வாங்குவது போன்றது. யார் படுக்கப் போகிறாரோ அவரையே கூட்டிச் செல்லுங்கள். நிறை கூடியவருக்குச் சற்று இறுக்கமானதும், மெலிந்தவருக்குச் சற்று மெதுவானதும் பொருந்தும்.

தராசில் போட்டுப் பாருங்கள்

மலிவு மெத்தை என்றால் இன்று பெரும்பாலும் ஸ்பொஞ்ச் எனப்படும் செயற்கைப் பஞ்சு மெத்தைதான். ஏமாற்றமும் இதில்தான் அதிகம். ஏனெனில் நல்லதும் கெட்டதும் வெளியில் ஒரே மாதிரித் தெரியும். பூப்போட்ட சீலையும் ஆறு அங்குல உயரமும் கண்ணை மறைத்துவிடும்.

எமது பயிற்சி நிலையமொன்றுக்கு நாமே அப்படி வாங்கினோம். விலை குறைவு, உயரம் நல்ல உயரம் என்று பத்து மெத்தைகளை ஏற்றிவந்தோம். எட்டு மாதத்துக்குள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பள்ளம். படுத்த பிள்ளைகள் பள்ளத்துக்குள் உருண்டு, விளிம்பைத் தலையணையாக வைத்துக்கொண்டார்கள். ஒன்றை வெட்டிப் பார்த்தபோது உள்ளே இருந்தது காற்றுக்குச் சமமான பஞ்சு. கடைக்காரரைக் கேட்டோம். "விலைக்கேற்ற சாமான்தானே தந்தேன்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. கேட்க வேண்டியதை நாம்தான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது பஞ்சின் அடர்த்தி. ஒரு கன மீற்றர் பஞ்சு எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. ஒவ்வொரு நாளும் வளர்ந்தவர் படுப்பதற்கு ஏறக்குறைய 30 கிலோ அடர்த்தி உள்ள பஞ்சு வேண்டும். மலிவான மெத்தைகளில் 16 கிலோ, 18 கிலோப் பஞ்சும் இருக்கும். அது சாய்மனைக் கதிரையின் முதுகுக்கு வைக்கத் தக்கது. ஆள் படுக்க அல்ல. சில மெத்தைகளில் அடர்த்தியை எழுதி ஒட்டியிருப்பார்கள். எழுதியிராவிட்டால் தராசு சொல்லும்.

கணக்கு இலகு. மெத்தையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குல உயரம் என்றால் ஆறு கன அடி. 30 கிலோ அடர்த்தியுள்ள பஞ்சு ஒரு கன அடி 850 கிராம் அளவில் நிறுக்கும். ஆகவே அந்த மெத்தையின் பஞ்சு மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். 16 கிலோப் பஞ்சானால் அதே மெத்தை இரண்டே முக்கால் கிலோதான் வரும். சீலையின் நிறையைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள். நெல் நிறுக்கும் தராசு போதும். நெல்லுக்கு ஒரு கிலோ குறைந்தால் சண்டை பிடிக்கிற நாம் மெத்தையை நிறுக்காமல் வாங்குகிறோம்.

நிறை மட்டும் பார்த்தாலும் முழுமையாகாது. பஞ்சு செய்யும்போதே சுண்ணத்தூள் போன்றவற்றைச் சேர்த்து நிறை ஏற்றுவதும் உண்டு. அப்படிப்பட்ட பஞ்சு கெதியில் உதிரும். தையலின் ஓரத்தைச் சற்றே விலக்கிப் பஞ்சை விரலால் உரசுங்கள். மாவு போல ஒட்டினால் விட்டுவிடுங்கள். முழங்காலை ஊன்றி அமத்திவிட்டு எடுத்தால், பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். நான்கு அங்குல உயரமான நல்ல பஞ்சு ஆறு அங்குல உயரமான கெட்ட பஞ்சைவிட மேல். விலையும் பெரும்பாலும் அருகருகேதான் இருக்கும்.

பல நிறப் பஞ்சுத் துண்டுகளை அரைத்து ஒட்டிச் செய்த மெத்தையும் கடைகளில் உண்டு. பார்க்க அழகில்லை. ஆனால் கனமும் இறுக்கமும் உள்ளது, இலகுவில் பள்ளம் விழாது, விலையும் குறைவு. தனியே படுக்கச் சற்று வன்மையானது. இதையே அடியில் இரண்டு அங்குலமும், மேலே நல்ல பஞ்சு இரண்டு அங்குலமும் வைத்து ஒரே உறையில் போட்டால், மிகக் குறைந்த செலவில் நல்ல படுக்கை கிடைக்கும். மேற்பஞ்சு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். நாம் கண்டவற்றுள் காசுக்கு மிகவும் பெறுமதியான வழி இதுதான்.

றப்பர் பால் தெளித்து இறுக்கிய தென்னந்தும்பு மெத்தை எமது நாட்டிலேயே செய்யப்படுவது. காற்று உள்ளே புகுந்து வரும், வெக்கை தெரியாது, இறுக்கமும் போதியது. முதுகு நோவுள்ள, சற்று நிறை கூடிய ஆட்களுக்கு இதையே நாம் சொல்வோம். மெலிந்த முதியவருக்கு மேலே ஓர் அங்குலப் பஞ்சோ மடித்த போர்வையோ வேண்டும். வாங்கும்போது ஓரத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். தும்பு முறிந்து தூள் கொட்டினால் பழையது. இதை நடுவில் மடித்துக் கட்டி லொறியில் ஏற்றினால் மடித்த இடம் முறிந்துவிடும்.

ஸ்பிறிங் மெத்தையை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லமாட்டோம். மலிவானதில் கம்பி கறள் பிடிக்கும், சுருட்ட முடியாது, வெள்ளம் வந்தால் தூக்கவும் முடியாது.

கீழே இருப்பது என்ன?

நல்ல மெத்தையையும் ஈரம் தின்றுவிடும். தற்காலிக வீடுகளில் மெல்லியதாகப் போட்ட சீமெந்துத் தரை, மாரியில் நிலத்து நீரை மேலே இழுக்கும். மேலிருந்து ஆளின் வியர்வையும் இறங்கும். இரண்டும் மெத்தையின் அடியில் சந்தித்துப் பூஞ்சணம் பிடிக்கின்றது. இழுப்பு உள்ள பிள்ளை படுத்தால் இரவிரவாக இருமும். ஆகவே மெத்தைக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கைக் கீழே உள்ளதற்கு ஒதுக்குங்கள். கட்டில் வேண்டியதில்லை. நான்கு மூலையிலும் நடுவிலும் கல் வைத்து, குறுக்கே பனஞ்சிலாகை அல்லது சீவிய பலகைகளை மூன்று விரல் இடைவெளியில் அடுக்கினால் போதும். இடைவெளி கூடினால் மெத்தை அதற்குள் இறங்கிக் கெடும். சிலாகையின் சிலாம்பு குத்தாமல் மேலே ஒரு சாக்கை விரியுங்கள்.

இடவசதி இல்லாமல் நிலத்திலேயே போடுகிறவர்கள், காலையில் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். அடியில் பொலித்தீன் மட்டும் விரித்தால் ஈரம் பொலித்தீனின் மேற்பக்கத்தில் தங்கும். பாயையும் சேர்த்து விரிக்க வேண்டும். கடையில் சுற்றித் தந்த பொலித்தீனைக் கழற்றாமலே வருடக்கணக்காகப் படுப்பவர்களைக் காண்கிறோம். அழுக்குப் படாது என்பது உண்மை. ஆனால் வியர்வை போக வழியில்லாமல் முதுகில் வெக்கைப் பரு போடும். கழற்றிவிட்டு, கழுவக்கூடிய பருத்தி உறை ஒன்றைத் தையுங்கள். சிப் வைக்கக் காசில்லாவிட்டால் நாடா வைத்துக் கட்டலாம். மூத்திரம் போகும் பிள்ளைக்கோ முதியவருக்கோ நடுப்பகுதிக்கு மட்டும் றப்பர் சீற் போதும். பாயும் படுக்கையுமாய்க் கிடப்பவருக்கு எவ்வளவு நல்ல மெத்தை வாங்கினாலும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் புண் வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மெதுமெதுப்பான மெத்தையில் விட வேண்டாம். சமமான, இறுக்கமான விரிப்பில் மல்லாக்கக் கிடத்துங்கள், தலையணையும் வேண்டாம்.

பழைய மெத்தை

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் விட்டுப்போவதும், விடுதிகள் கழித்து விற்பதும் மலிவாகக் கிடைக்கும். வாங்கக்கூடாது என்று சொல்லமாட்டோம். பகல் வெளிச்சத்தில் தையல் ஓரங்களையும் பொத்தான் அடிகளையும் விரித்துப் பாருங்கள். மிளகுத் தூளைத் தெளித்தாற்போல் கறுத்தப் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி. சும்மா கொடுத்தாலும் எடுக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி இரத்தம் குடியாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு வீட்டுக்கு வந்தால் அடுத்தடுத்த வீடுகளுக்கும் போகும். வெள்ளத்தில் ஊறிய மெத்தையை மணத்தில் அறியலாம். மலசலக் கழிவு கலந்த வெள்ளம் புகுந்தால், அது உங்கள் சொந்த மெத்தையானாலும் எறிவதே நல்லது.

பூச்சி வந்துவிட்டால் வயலுக்கு அடிக்கிற மருந்தை மெத்தைக்கு அடிக்கிற வழக்கம் எம்மிடையே உண்டு. இதைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். அந்த நஞ்சு பஞ்சுக்குள் ஊறிப் பல நாட்களுக்கு நிற்கும். படுக்கிற பிள்ளை இரவு முழுவதும் அதைச் சுவாசிக்கும், தோலாலும் இழுக்கும். பூச்சிமருந்து வந்த பையையும் உறையாகத் தைக்க வேண்டாம். சீலைகளைக் கொதிநீரில் போடுங்கள். தையல் ஓரங்களில் கொதிநீரை ஊற்றி, தூரிகையால் உரசி, நன்றாகக் காயவிடுங்கள். சிலாகை இடுக்குகளுக்கும் அப்படியே. ஒரு தரத்தில் முடியாது. முட்டை பொரித்து வருவதால் கிழமைக்கு ஒருமுறையாகச் சில கிழமைகள் செய்ய வேண்டும்.

தவணைக்கு வாங்குவதா?

வீட்டு வாசலுக்கே மெத்தை கொண்டுவந்து, "இப்ப கொஞ்சம் தாங்கோ அக்கா, மிச்சத்தை மாதாமாதம் பார்ப்பம்" என்று இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம். கடையில் 20,000 ரூபா மெத்தை. தவணைக்கு முதலில் 4,000, பிறகு மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம். மொத்தம் 28,000. நீங்கள் கடன்பட்டது 16,000. அதற்கு மேலதிகமாகக் கொடுத்தது 8,000. நூற்றுக்கு ஐம்பது வட்டி போலத் தெரிகிறது. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி அதைவிட மிகவும் அதிகம். நுண்கடன் பட்டு, அதை அடைக்க இன்னொரு கடன் பட்டு, நித்திரையே இல்லாமற்போன பெண்களை எமது ஊர்களில் எல்லோரும் அறிவோம். மெத்தைக்காக அந்த வழியில் இறங்க வேண்டாம். அருவிவெட்டு முடியும் வரை பொறுக்கலாம். அல்லது நாலைந்து பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்து, குலுக்கல் வருகிறவர் வாங்கலாம்.

எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் அளவும் அடர்த்தியும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும். எழுதியதற்கு மாறான சாமானைத் தந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு நாள் கடத்தாமல் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் சொல்லலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் பேச்சில்லை.

மீண்டும் பெயர வேண்டி வந்தால்

வெள்ளத்துக்கோ வேறெதற்கோ பெயர வேண்டி வரும் என்ற பயம் உள்ளவர்கள், ஆறடி மெத்தையை இரண்டடித் துண்டுகள் மூன்றாக வெட்டிக் கேளுங்கள். ஸ்பொஞ்ச் கடைகளில் கேட்டபடி வெட்டித் தருவார்கள். மூன்றையும் ஒரே உறைக்குள் இறுக்கமாகப் போட்டால் இரவில் விலகாது. தேவைப்படும்போது உருவியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, சைக்கிள் கரியரில் வைக்கலாம், பரணிலும் ஏற்றலாம். நடுத்துண்டே முதலில் தேயும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துண்டுகளை இடம் மாற்றுங்கள். வெட்டாத மெத்தையைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போடுங்கள். ஸ்பொஞ்சையும் றப்பர் தும்பையும் கடும் வெயிலில் நாள் முழுக்கப் போடக்கூடாது, உக்கிப்போகும். நிழற் காற்றே போதும்.

வெயிலை விரும்புவது இலவம்பஞ்சு. அதன் இழை உள்ளே குழாய் போன்றது, காற்று நிறைந்தது. மேலே மெழுகுத்தன்மை இருப்பதால் ஈரத்தை இலகுவில் இழுக்காது. படுக்கப் படுக்க அமர்ந்து கட்டியாகும். வெயிலில் போட்டுத் தடியால் தட்டினால் மீண்டும் பொங்கும். சில வருடங்களில் சீலையைப் பிரித்து, பஞ்சை உதறி, புதிதாகக் கொஞ்சம் சேர்த்து அடைத்தால் மறுபடியும் புது மெத்தை. அடைத்து விற்பவரிடம் வாங்கினால் கிலோக் கணக்கில் பஞ்சை உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள். கொட்டை நீக்காத பஞ்சும், தையல் தொழிற்சாலைக் கழிவுத் துணியும் உள்ளே போவது உண்டு. இலவம்பஞ்சு மிக விரைவில் தீப்பற்றும் என்பதால் குப்பி விளக்கையும் நுளம்புத்திரியையும் படுக்கைக்கு எட்டத்தில் வையுங்கள்.

இலவங்காய் வெடிப்பது மாசி, பங்குனியில். காலபோக நெல்லுக்காசு கைக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். வேலியோரத்தில் இலவமரம் நிற்கும் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்தால், காய் வெடித்துக் காற்றோடு போகமுன் பறித்துக்கொள்ளலாம். மரம் நெட்டையானது, கொப்பு இலகுவில் முறியும். ஏறாமல் கொக்கத்தடியால் பறியுங்கள். பறித்த காய்களை வலைக்குள்ளே வெயிலில் போட்டு வெடிக்கவிட்டு, கொட்டையைத் தட்டி எடுங்கள். பஞ்சு எடுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த துணியில்தான் உறை தைக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு தையலுக்குள்ளால் வெளியே வந்துகொண்டேயிருக்கும்.